பின்சக்கரத்தில் நின்று குதிப்பது (பேக் ஹாப்): இரண்டு குதிக்கு மேல் நிற்கவில்லை, என்ன செய்யலாம்?

ஒத்தைச்சக்கரம்

வணக்கம் மக்களே. ட்ரயல்ஸ் (பாறை மாதிரித் தடைகள் மேல் காலை ஊன்றாமல் ஓட்டும் விளையாட்டு) சைக்கிள்காரர்கள் பின்சக்கரத்தில் மட்டும் நின்றுகொண்டு டக் டக் என்று குதிப்பார்களே, பேக் ஹாப், அதைச் சில வாரங்களாகப் பழகுகிறேன். என்னிடம் ட்ரயல்ஸ் சைக்கிள் கிடையாது. சாதாரண 26 இஞ்ச் மவுண்டன் பைக்தான், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், இரண்டு பக்கமும் வி-பிரேக் (ரிம்மைப் பிடிக்கும் பிரேக்), 3x7 கியர், அதாவது முன்னால் மூன்று வட்டு, பின்னால் ஏழு பல்சக்கரம். சீட்டை அடிவரை இறக்கிவிட்டேன்.

காலை ஊன்றாமல் நின்ற இடத்தில் நிற்கும் ட்ராக் ஸ்டாண்ட் ஓரளவு வருகிறது. இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு இரண்டு சக்கரத்தோடும் சேர்ந்து குதிப்பதும் வருகிறது. முன்சக்கரத்தைத் தூக்கிய பிறகுதான் தொல்லை. தூக்குகிறேன், பின் பிரேக்கை அமுக்குகிறேன், ஒரு குதி, இரண்டாவது குதி, அதற்குள் முன்சக்கரம் தொப்பென்று கீழே வந்துவிடுகிறது. வரக்கூடாது என்று ஹேண்டில்பாரை நெஞ்சுக்கு இழுத்தால் நேரெதிராக முதுகுப்பக்கம் சரிகிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேலன்ஸ் புள்ளி இருக்க வேண்டும், அது எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

எனக்குப் பலம் போதவில்லையா, சைக்கிள் சரியில்லையா, இல்லை பழகுகிற முறையே தப்பா? ஸ்காட்லாந்து சைக்கிள் வித்தைக்காரர் டேனி மக்காஸ்கில் 2009-ல் எடின்பரோவில் செய்ததை எல்லாம் பார்த்துவிட்டு ஆசைப்பட்டது, தனி சைக்கிள் வாங்கினால்தான் வரும் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், பிரேக் நன்றாகப் பிடிக்க ரிம்மைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார்கள், அதைச் செய்யலாமா?

---

கிராங்க்கருப்பு

ப்ரோ, நடுவில் ஒரு புள்ளி என்று தேடுகிறீர்களே, அதை விட்டுவிடுங்கள். அந்தப் புள்ளியில் யாருமே அசையாமல் நிற்பதில்லை. உள்ளங்கையில் குச்சியை நிமிர்த்தி நிறுத்தும்போது குச்சி சாய்கிற பக்கம் கையைக் கொண்டுபோவோம் இல்லையா, இங்கேயும் அதேதான். உடம்பு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பின்சக்கரத்தைக் கொண்டுபோய் உடம்புக்குக் கீழே வைக்கிறோம். பிரேக் பிடித்திருப்பதால் உருட்டி வைக்க முடியாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். குதிப்பதே அதற்காகத்தான், உயரம் காட்டுவதற்கு இல்லை. நன்றாக ஓட்டுகிறவர்களின் சக்கரத்தைக் கவனித்துப் பாருங்கள், தரையிலிருந்து சில சென்டிமீட்டர்தான் எழும்பும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குதியிலும் எழும்பிய இடத்திலேயே இறங்குகிறீர்கள். முன்னால் விழ ஆரம்பித்த உடம்பு அதே இடத்தில் இறங்கினால் அடுத்த குதியில் இன்னும் முன்னால்தான் இருக்கும், மூன்றாவதில் சக்கரம் தரையைத் தொட்டுவிடும். அப்போது ஹேண்டில்பாரை இழுப்பதால் பயன் இல்லை. பின் பிரேக்கை விட்டு, முன்னால் இருக்கும் பெடலை ஒரு மிதி, கால் சுற்றுக்கும் குறைவாக, மிதித்த உடனே மறுபடி பிரேக். அந்த மிதி சக்கரத்தை முன்னால் தள்ளி உடம்புக்குக் கீழே கொண்டுவருகிறது, கூடவே முன்பக்கத்தைத் தூக்கியும் விடுகிறது. மாறாக முதுகுப்பக்கம் சரிகிறீர்கள் என்றால் பிரேக்கை விடவே கூடாது, பிடித்தபடியே குதித்து சக்கரத்தைப் பின்னால் வாங்கி வைக்க வேண்டும்.

இதனால்தான் நான் யார் கேட்டாலும் இடத்திலேயே குதிப்பதை முதலில் பழகாதீர்கள் என்பேன். முன்னால் நகர்ந்துகொண்டே குதிக்கும் பெடல் ஹாப்தான் முதலில். மிதி, பிரேக், இறங்கு, மறுபடி மிதி. பார்க்கக் கஷ்டமாகத் தெரியும், ஆனால் எளிது இதுதான், ஏனென்றால் ஒவ்வொரு மிதியிலும் முன்சக்கரம் தானாக மேலே வருகிறது. அது வந்த பிறகு மிதியின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பீர்கள்.

உடம்பு நிலை பற்றி: கை நீண்டே இருக்கட்டும், முழங்கை மடங்கினால் உடம்பும் ஹேண்டில்பாரும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் திருத்த இடமே இருக்காது. இடுப்பு பின் அச்சுக்கு மேலே இருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கி. எம்புவது முழுக்கக் காலிலிருந்து வர வேண்டும். முதலில் சக்கரத்தைத் தூக்கும்போது முன்பெடல் தரைக்கு இணையாக இருப்பதைவிடக் கொஞ்சம் மேலே, கடிகார முள்ளில் 2 மணி இருக்குமே அந்த இடத்தில் இருக்கட்டும், அப்போதுதான் மிதிக்கத் தூரம் கிடைக்கும். முன்னால் எந்தக் கால் என்று குழம்ப வேண்டாம். ஓட்டிக்கொண்டு போகும்போது மேடு பள்ளம் வந்தால் பெடலை நிறுத்தி எழுந்து நிற்பீர்கள் இல்லையா, அப்போது தானாக எது முன்னால் போகிறதோ அதுதான்.

பலம் பிரச்சினையே இல்லை. ஜெர்மனியின் ட்ரயல்ஸ் வீராங்கனை நினா ரைஹென்பாக் ஓட்டுவதைப் பாருங்கள், கையால் இழுப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் இடுப்பும் காலும் சேருகிற நேரம்.

---

மெதுவாப்போ

கருப்பு சொன்ன விளக்கம் சரி, வரிசையில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ட்ரயல்ஸ் சைக்கிள் வைத்திருப்பவருக்கு முதலில் பெடல் ஹாப் என்று சொல்லலாம். இவர் வைத்திருப்பது டிரெய்லியர் கியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியர்) போட்ட மவுண்டன் பைக். அதில் முழு எடையையும் ஒரு பெடலில் இறக்கி உதைக்கும்போது செயின் ஒரு பல் தாண்டினாலோ அறுந்தாலோ கால் நேராகக் கீழே போகும், முகம் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும். இது பயமுறுத்தல் இல்லை, ட்ரயல்ஸில் செயினோ ஃப்ரீவீலோ (முன்னால் மிதித்தால் மட்டும் பிடித்து, பின்னால் சுற்றினால் வெற்றாகச் சுற்றும் பகுதி) வழுக்கி மோசமாக அடிபடுவது உண்டு. தேய்ந்த செயினோடு இதைத் தொடங்கவே கூடாது. புது செயின் போட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரத்தையும் பாருங்கள், பழைய பல்லில் புது செயின் உட்காராமல் தாண்டும்.

அதனால் முதலில் சுவர். முன் டயரைச் சுவரில் சாய்த்து, அதாவது முன்சக்கரத்தைத் தூக்கி டயரைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பின் பிரேக்கைப் பிடித்தபடி பின்சக்கரத்தில் மட்டும் குதியுங்கள். முன்னால் விழ முடியாது, அதனால் காலின் தாளத்தையும் பிரேக்கையும் மட்டும் கவனிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு ஒரு குதி, இரண்டு குதி, மறுபடி சுவர். வெள்ளையடித்த சுவர் வேண்டாம், வீட்டில் திட்டு வாங்குவீர்கள்.

இன்னொன்று, பின்னால் விழுவதைத் தனியாகப் பழகுங்கள். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. முன்சக்கரத்தை வேண்டுமென்றே அதிகமாகத் தூக்கி, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துப் பின்னால் தரையில் நின்றுவிட வேண்டும், சைக்கிள் முன்னால் நிமிர்ந்து நிற்கும், ஹேண்டில்பார் கையிலேயே இருக்கும். புல்தரையில் இதைச் செய்து பழகிவிட்டால், முதுகில் விழுவோம் என்ற பயத்தில் உடம்பை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது போய்விடும். உங்கள் முன்சக்கரம் தொப்பென்று இறங்குவதற்குப் பாதிக் காரணம் அந்தப் பயம் என்றுதான் நினைக்கிறேன். காலை மாட்டி வைக்கும் பெடல் எதுவும் வேண்டாம், தட்டையான பெடல், ஹெல்மெட், முழங்காலுக்குக் கீழே ஷின் கார்டு. பெடலில் இருக்கும் முள் கணைக்காலில் கோடு போட்டால் தெரியும் ஏன் சொன்னேன் என்று.

---

சும்மாஇரு

ஓட்டிப் போகத்தானே சைக்கிள் வாங்குவார்கள், ஒரே இடத்தில் குதிக்க ஸ்கிப்பிங் கயிறு போதாதா? 😀

---

ஒத்தைச்சக்கரம்

சும்மாஇரு அண்ணா, கயிறு வாங்கினால் அபார்ட்மென்ட் செகரட்டரி சந்தோஷப்படுவார், அதனாலேயே வாங்கவில்லை.

கருப்பு, மெதுவாப்போ இருவருக்கும் நன்றி. பின்னால் விழும் பயம் என்பது உண்மைதான் என்று படித்தவுடனே தெரிந்தது. செயினைப் பார்த்தேன், புதுசுதான். ஒரு சந்தேகம்: நான் முன்னால் நடுவட்டிலும் பின்னால் நடுப்பல்லிலும் வைத்துத்தான் பழகுகிறேன், மிதித்தால் முன்சக்கரம் எழும்பவே நேரமாகிறது, சைக்கிள் முன்னால் ஓடுவதுபோல இருக்கிறது. கியர் இதில் முக்கியமா? முன்வட்டுகளில் 24-34-42 என்று எழுதியிருக்கிறது, பின்னால் 14 முதல் 28 வரை.

---

பாறைமேல்மைதிலி

கியர் முக்கியமா என்றா கேட்கிறீர்கள் தம்பி, பேக் ஹாப்பில் பாதி விஷயமே அதுதான். நான் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பக்கம் இருக்கிறேன், இங்கே ட்ரயல்ஸ் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு, 26 இஞ்ச் ஓட்டுகிறேன்.

26 இஞ்ச் ட்ரயல்ஸ் சைக்கிளில் பொதுவாக முன்னால் 18 பல், பின்னால் 15, அதாவது பெடல் ஒரு சுற்றுக்கு சக்கரம் 1.2 சுற்று. 20 இஞ்ச் சைக்கிளில் 18-க்கு 12, 1.5 சுற்று. இரண்டும் வேறு வேறாகத் தெரியும், ஆனால் சக்கரத்தின் சுற்றளவைப் பெருக்கிப் பாருங்கள். 26 இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் போகும், கால் சுற்று மிதித்தால் 62 சென்டிமீட்டர். 20 இஞ்ச் சைக்கிளின் பின்டயர் சுமார் 1.6 மீட்டர், அதிலும் கால் சுற்று மிதிக்கு 60 சென்டிமீட்டர்தான். ஒரு மிதிக்கு அறுபது சென்டிமீட்டர் என்பதில்தான் முன்சக்கரமும் எழும்புகிறது, சைக்கிளும் ஓடிப்போகாமல் இருக்கிறது. நீங்கள் 34-க்கு 20 வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது 1.7, கால் சுற்று மிதிக்கு 88 சென்டிமீட்டர். அப்புறம் எப்படி எழும்பும்? முன்னால் சின்ன வட்டு 24, பின்னால் 20 பல் வையுங்கள், சரியாக 1.2 வரும். 14-28 ஏழு பல்சக்கரத் தொகுதிகளில் 20 பல் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும், செயினும் ரொம்பக் கோணலாகாது.

கியரை மாற்றினாலும் தீராத ஒன்று ஃப்ரீவீல். சாதாரண ஃப்ரீவீல் ஒரு சுற்றில் இருபது இடத்தில் பிடிக்கிறது என்று வைத்தால் 18 டிகிரி வெற்றாகச் சுற்றிய பிறகுதான் பிடிக்கும், உங்கள் கியரில் பெடலில் அது 15 டிகிரி. மிதிக்கக் கிடைப்பதே கால் சுற்று, அதில் ஒரு துண்டு வீண். ட்ரயல்ஸ் சைக்கிளில் ஃப்ரீவீலைக் கிராங்கிலேயே (பெடலை நடு அச்சோடு இணைக்கும் தண்டு) போட்டு, பின்சக்கரத்தில் பல்லை நிலையாக மாட்டிவிடுவார்கள், நல்ல ஃப்ரீவீல் 72 இடத்திலோ 108 இடத்திலோ பிடிக்கும், 108 என்றால் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேல்தான் வெற்றுச் சுற்று. உங்களுடையதில் செய்யக்கூடியது ஒன்றுதான்: மிதிப்பதற்கு முன்னால் பின் பிரேக்கைப் பிடித்தபடியே பெடலை லேசாக அழுத்தி, பிடித்துவிட்டதை உணர்ந்த பிறகு பிரேக்கை விட்டு மிதியுங்கள். இது பழக்கமாகிவிட்டால் மெதுவாப்போ பயப்படும் அந்த வழுக்கலும் குறையும். ஒவ்வொரு குதிக்கும் நடுவில் பின்கால் அழுத்தி பெடலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் இரண்டு மிதியில் பெடல் கீழே போய்விடும், மூன்றாவதுக்கு மிதிக்க ஒன்றும் மிஞ்சாது. இரண்டாவது குதியோடு நிற்கிறது என்கிறீர்களே, மிதிக்கத் தொடங்கிய பிறகும் அப்படியே நின்றால் இதைப் பாருங்கள்.

சைக்கிள் வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு: பேக் ஹாப் வரை வேண்டாம், அதற்கு மேல் வேண்டும். உங்கள் சைக்கிளில் பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரை 43 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், 26 இஞ்ச் ட்ரயல்ஸில் 38 பக்கம், 20 இஞ்சில் 35. பின் அச்சு காலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு எளிதாக முன்பக்கம் எழும்பும். அதோடு சாதாரண மவுண்டன் பைக்கில் பெடல் அச்சு சக்கர அச்சுகளைவிடத் தாழ்ந்திருக்கும், ட்ரயல்ஸில் மேலே இருக்கும். மவுண்டன் பைக்கில் பழகியவர் ட்ரயல்ஸில் ஏறினால் முதல் நாள் பின்னால் விழுந்துகொண்டே இருப்பார், அவ்வளவு வித்தியாசம். சஸ்பென்ஷனில் பூட்டு இருந்தால் பூட்டிவிடுங்கள், எம்பும் விசையை அது தின்றுவிடும். பின்டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் 2.1 டயரில் 25 பிஎஸ்ஐ-க்குக் கீழே போனால் ட்யூப் ரிம்மில் கடிபடும்.

டேனியைப் பார்த்து ஆசைப்பட்டேன் என்கிறீர்கள், அதனால் ஒரு சின்ன விஷயம். அவர் ஓட்டுவது 24 இஞ்ச் ஸ்ட்ரீட் ட்ரயல்ஸ், பெரும்பாலும் ஓடி வந்து பன்னி ஹாப்பில் (முதலில் முன்சக்கரம், அடுத்துப் பின்சக்கரம் என்று தூக்கிக் குதிப்பது) எழும்புவது. நீங்கள் பழகும் பேக் ஹாப் போட்டி ட்ரயல்ஸின் அடிப்படை, அது ஸ்பெயினின் கட்டலோனியாவில் மோட்டார் ட்ரயல்ஸிலிருந்து பிறந்தது. மோன்டெசா மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெரே பீ என்பவர் தன் மகன் ஓட் பீயைச் சின்ன சைக்கிளில் அதே மாதிரி பழக்கினார், பையன் பின்னாளில் உலக சாம்பியன். மோன்டி என்ற ட்ரயல்ஸ் சைக்கிள் கம்பெனியும் அந்த அப்பா ஆரம்பித்ததுதான். யுசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) உலகப் போட்டி 1986-லிருந்து நடக்கிறது. பழைய விதியில் கால் ஒரு தடவை தரையில் பட்டால் ஒரு அபராதப் புள்ளி, ஐந்து சேர்ந்தால் அந்தப் பாறைப் பகுதியே போச்சு. பாறை மேல் ஓடி வர இடம் ஏது? அதனால்தான் நின்ற இடத்தில் குதித்து, மூச்சு வாங்கி, அடுத்த பாறைக்குக் குறி பார்க்கும் இந்த வித்தை வளர்ந்தது.

ரிம்: ஓட்டிப் போகவும் அதே சைக்கிள்தான் என்றால் தேய்க்க வேண்டாம். கிரைண்ட் செய்த ரிம்மில் பிரேக் கட்டை சீக்கிரம் கரையும், ரிம் மெலியும், கத்தும் சத்தம் அடுத்த தெருவரை கேட்கும். ட்ரயல்ஸ்காரர்கள் மகுரா எச்எஸ்33 மாதிரி ஹைட்ராலிக் பிரேக்கோடு அதைச் செய்கிறார்கள், ரிம்மையும் அடிக்கடி மாற்றுகிறார்கள். நீங்கள் முதலில் ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, நல்ல பிரேக் கட்டையும் புது கேபிளும் போடுங்கள். ஒரு விரலால் பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளுங்கள். டயர் உருளாமல் வழுக்கினால் அது போதும்.

---

கிராங்க்கருப்பு

மைதிலி அக்கா சொன்ன அந்தப் பின்கால் விஷயத்தை நான் எழுதாமல் விட்டிருந்தேன், அது ரொம்ப முக்கியம். வரிசை பற்றி மெதுவாப்போவோடு இன்னும் சண்டை போடத் தயார், ஆனால் செயின் விஷயத்தில் அவர் பக்கம்தான்.

---

மெதுவாப்போ

சண்டைக்கு நானும் தயார். சுவரை விட்டு வந்த எல்லாரும் பெடல் ஹாப்புக்குத்தானே போகிறார்கள், முன்னே பின்னே அவ்வளவுதான் வித்தியாசம் கருப்பு.

---

ஒத்தைச்சக்கரம்

24-20 வைத்துப் பார்த்தேன். வேறு சைக்கிள் மாதிரி இருக்கிறது! ஒரு மிதிக்கு முன்சக்கரம் தானாக மேலே வருகிறது, முன்னால் நகர்ந்தபடி நான்கைந்து ஹாப் தொடர்ச்சியாகப் போகிறது. சுவரிலும் பழகினேன், இரண்டையும் கலந்து செய்தால் யாருக்கும் கோபம் வராது என்று நினைக்கிறேன்.

இப்போது புதுத் தொல்லை. இடது கால்தான் எனக்கு முன்னால். ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் இடது பக்கம் சாய்ந்து இடது பக்கமே நகர்கிறது, கடைசியில் நேராகப் போக வேண்டியவன் தூணில் போய் முடிகிறேன்.

---

பாறைமேல்மைதிலி

எல்லாருக்கும் வரும். இடது பெடல் சைக்கிளின் நடுவிலிருந்து தள்ளி இருக்கிறது, அதில் முழு எடையை இறக்கும்போது சைக்கிள் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். மிதிக்கும் அதே நொடியில் இடது கைப்பிடியை வலதைவிடக் கொஞ்சம் அதிகமாக மேலே இழுங்கள், காலும் கையும் ஒரே பக்கம், ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும். இடுப்பை ஒரு துளி வலது பக்கம் வைத்துத் தொடங்கினாலும் உதவும். மீறி இடது பக்கம் சாய்ந்துவிட்டால் வலது பக்கம் இழுத்துப் போராடாதீர்கள், கருப்பு முதலில் சொன்ன விதிதான், விழுகிற பக்கம் ஒரு ஹாப்பில் சக்கரத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கிருந்து நேராகத் தொடருங்கள். கண் முன் டயரில் இருக்கக் கூடாது, இரண்டு மூன்று மீட்டர் தள்ளித் தரையில் இருக்கட்டும். தூணைப் பார்த்தால் தூணுக்குத்தான் போவீர்கள்.

அப்புறம் கிராங்க் போல்ட்டை அடிக்கடி இறுக்கிப் பாருங்கள், இந்த மாதிரி உதைக்கு இடது பக்கப் போல்ட் சீக்கிரம் தளரும்.